மணிக்கட்டைக் குறை சொல்லும் முன் தோட்டாவைப் பாருங்கள்

பிஸ்டல் சுடப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, ட்ரிகரை எப்படி அழுத்துவது என்று ஆளுக்கொரு பாடம் கிடைக்கும். பெட்டியில் இருக்கும் தோட்டா எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு வருஷத்துக்கு மேல் வீணாகப் போனது. கையிலிருந்து கரைந்த பணம் இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) குறையாது. அது போகட்டும், சுடும் நொடியில் உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளும் ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அதைக் கழற்றப் பட்ட பாடுதான் பெரிது. எங்கள் கிளப்பில் இப்போது நம் பிள்ளைகள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும், கோலாலம்பூர் வட்டாரத்தில் .22 (0.22 அங்குலக் குழல்) பிஸ்டல் கற்கத் தொடங்கும் மற்றவர்களுக்காகவும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். படிக்கிற காலத்தில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கொஞ்சம் பழகியிருந்தேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று ஏர் ரைபிள் சுட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிள்ளானில் இருக்கும் அம்மா, "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் சொல்வேன். வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் 25 மீட்டர் பிஸ்டலுக்கு மாறினேன். ஏர் பிஸ்டலில் ஒரு பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வைத்து அந்த ஒன்றைச் சுடுகிறோம். சிக்கிக்கொள்வது என்ற பேச்சே இல்லை. 25 மீட்டரில் அப்படியில்லை. மேகசினில், அதாவது பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், ஐந்து தோட்டா. ஒன்று வெடித்து, அதன் வேகத்தில் காலி ஓடு வெளியே விழுந்து, அடுத்தது தானாக ஏறவேண்டும். இதெல்லாம் தோட்டாவின் பலத்தில் நடக்கிறது.

போட்டி முறையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மொத்தம் 60 தோட்டா. முதல் 30 நிதானமாக, ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் ஐந்து நிமிஷம். அடுத்த 30 ரேபிட். குறிப்பலகை 3 வினாடி முகம் காட்டும், 7 வினாடி மறைந்துகொள்ளும். காட்டுகிற அந்த 3 வினாடிக்குள், தாழ்த்தி வைத்திருக்கும் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரே ஒரு தோட்டா சுடவேண்டும். கை மேலே போய், முன் குறியும் பின் குறியும் ஒன்றாகி, விரல் அழுத்தி முடித்த இடத்தில் வெறும் "டிக்" என்று மட்டும் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெடிக்காமல் போனதைவிட மோசமானது, அடுத்த தோட்டாவும் வெடிக்காதோ என்ற எண்ணம்.

பிஸ்டல் பழையது, இத்தாலியில் செய்த டார்கெட் பிஸ்டல். கிளப் மூலமாக முறைப்படி அனுமதி வாங்கி, கிளப்பின் ஆயுத அறையிலேயே இருந்தது. நல்ல நிலையில்தான் வந்தது. அதோடு தோட்டா வாங்கவேண்டும் என்றபோது, விற்றவர் ஐந்நூறு அடங்கிய பெரிய பேக்குகளைக் காட்டினார். அதிவேக வகை, ஈயத்தின் மேல் செம்புப் பூச்சு, விலை மலிவு. "எல்லாம் ஒரே .22 தான். பழகுறதுக்கு இது போதும், நல்ல தோட்டாவை வாங்கிப் பேப்பர்ல ஓட்டை போட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றார். பேக்குகளில் சில ஏற்கெனவே பிரித்து ஒட்டியிருந்தன. பெட்டி மடிப்பில் அச்சிட்டிருந்த எண்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. விற்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், சொல்லியிருக்கவேண்டும். இந்த ஊரில் தோட்டா வாங்குவது அனுமதிக்கும் அளவுக்கும் உட்பட்ட காரியம். வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அதனாலேயே புதிதாக வருகிறவருக்கு முதல் வாங்கலிலேயே சரியான யோசனை கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

தொல்லை முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. ஒரு மேகசினில் ஐந்தும் போகும். அடுத்த மேகசினில் இரண்டாவது வெடிக்காது. அதற்கடுத்து காலி ஓடு பாதி வெளியே வந்து, முன்னும் பின்னும் ஓடி மூடும் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு நெட்டாக நிற்கும். சில தோட்டாக்கள் பக்கத்து மேடையில் சுடுகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வெடிக்கும், சில மந்தமாக. குறிப்பலகையில் ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். இதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம்: "உன் மணிக்கட்டு பலமில்லை. கை தளர்ந்தால் செமி ஆட்டோ பிஸ்டல் சரியாக ஓடாது."

இந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருப்பதுதான் சிக்கல். மணிக்கட்டைத் தளர்வாக வைத்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் ஓடு சிக்கும் என்பது நிஜம். ஆனால் கை தளர்ந்ததால் ஒரு தோட்டா வெடிக்காமல் போகாது. தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் சரியாகக் குத்தியும் வெடிக்கவில்லை என்றால், அது கை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. இந்த இரண்டையும் யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால் என் ஒரு வருஷம் பிழைத்திருக்கும். பெண்ணாகவும் புதியவளாகவும் இருக்கும்போது, எந்தக் கோளாறுக்கும் முதல் காரணமாக உங்கள் கையைத்தான் காட்டுவார்கள். தங்கைகளே, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நம்பினேன். மணிக்கட்டுக்கு எடை தூக்கினேன். தினமும் வேலை முடிந்து வந்து, தண்ணீர் நிரப்பிய புட்டியைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மணிக்கட்டு வீங்கி டாக்டரிடமும் பிசியோவிடமும் போனேன். என் கைக்கு அளவெடுத்து வால்நட் மரத்தில் பிடி செய்து வாங்கினேன்; அது மட்டும் அறுநூறு வெள்ளிக்கு மேல். அப்புறம் பிஸ்டலையே சந்தேகப்பட்டு பழுது பார்ப்பவரிடம் அனுப்பினோம். ஸ்பிரிங், காலி ஓட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் எல்லாம் மாறின. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால் மாதக்கணக்கில் காத்திருந்தேன். திரும்பி வந்ததும் அதே பேக்கிலிருந்து தோட்டா எடுத்துச் சுட்டேன். அதே தொல்லை.

கிளப் அளவில் ஒரு சின்னப் போட்டி வந்தது. நிதானப் பகுதியில் நன்றாகவே போனது. ரேபிடில், முதல் வரிசையிலேயே ஒன்று வெடிக்கவில்லை. பிஸ்டலைக் குறிப்பலகைப் பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு இடது கையை உயர்த்தினேன். அதிகாரி வந்து பார்த்து, திரும்பச் சுட அனுமதி தந்தார். அதற்குப் பிறகும் இன்னொன்று. கோளாறுக்காகத் திரும்பச் சுடும் வாய்ப்புக்கு வரம்பு உண்டு. அது தீர்ந்தபின் வெடிக்காத தோட்டா பூஜ்யம்தான். கை உயர்த்தி நிற்கும்போது மொத்த வரிசையும் எனக்காகக் காத்திருந்தது. முடிந்ததும் காருக்குள் போய் உட்கார்ந்து, ஏர்கானைப் போட்டுக்கொண்டு அழுதேன். வீட்டில் சொன்னால் "அதான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இந்த விளையாட்டே தெரியாது. யாரிடமும் போய்ச் சொல்ல முடியாத தோல்வி ரொம்பக் கனமானது.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. போட்டியில் தோட்டா வெடிக்கவில்லை என்றால் பதற்றத்தில் ஸ்லைடை இழுத்துவிடாதீர்கள். அதிகாரி வந்து பார்ப்பதற்குள் நீங்களே திறந்துவிட்டால் அது உங்கள் கோளாறு என்று கணக்காகிவிடும். குழல் குறிப்பலகைப் பக்கம், விரல் ட்ரிகருக்கு வெளியே, மற்றக் கையை உயர்த்துங்கள், அசையாமல் நில்லுங்கள்.

விடை ஒரு சனிக்கிழமை காலையில் கிடைத்தது. போலீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் அங்கிள், வேறு கிளப்காரர், அன்றைக்குப் பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்தார். நான் காத்திருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்த வெடிக்காத தோட்டாக்களைப் பார்த்துவிட்டு வந்தார். "எடுத்துப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டு, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்ன அடிப்பாகம். அதன் ஓரத்தில் ஃபயரிங் பின் குத்திய நீள்சதுரப் பள்ளம், ஆழமாக, கூர்மையாக விழுந்திருந்தது.

"இந்தப் பாரும்மா, குத்து நல்லா விழுந்திருக்கு. பின் அது வேலையைச் செஞ்சிருச்சு. தோட்டாதான் வெடிக்கல. எங்க வாங்குன?"

"கடையில குடுத்தாங்க அங்கிள். எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. என் பெட்டியிலிருந்து சுடாத தோட்டா ஒன்றை எடுத்து, அதன் பித்தளை ஓட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நுனியில் இருந்த குண்டை மற்றக் கை விரல்களால் மெல்லத் திருகினார். அது சுற்றியது. ஓட்டுக்குள் இறுக்கமாக இருக்கவேண்டிய குண்டு, தளர்ந்த பல்லாட்டம் ஆடியது. இன்னொன்று எடுத்தார், அது ஆடவில்லை. மூன்றாவது ஆடியது. "உன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கிளப் ஸ்டோரிலிருந்து ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது அதிவேகமில்லாத வழக்கமான வேகத் தோட்டா ஒரு பெட்டி எழுதி வாங்கி வரச் சொன்னார். ஐம்பதும் ஒன்றுவிடாமல் போனது. அதே பிஸ்டல், அதே கை. பேப்பரில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்திருந்தன. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

இப்போது, அன்றைக்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் சுட்டும் தெரிந்துகொண்டவை. .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்பது 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த தோட்டா. இது ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் குத்தினால் வெடிக்கும் வகை. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் பிரைமர் என்று தனியாக ஒரு குமிழ் பதித்திருப்பார்கள். இதில் அது கிடையாது. தீப்பற்றவைக்கும் ரசாயனக் கலவையை ஈரமாக ஓட்டுக்குள் போட்டு, ஓட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை, ஓட்டின் அடியில் வெளியே பிதுங்கியிருக்கும் விளிம்புக்குள் போய்ப் படியும். ஃபயரிங் பின் வந்து அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கிறது. சுழற்றும்போது கலவை விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் படியாமல் ஓரிடத்தில் விட்டுப்போனால், ஃபயரிங் பின் அந்த இடத்தில் குத்தினால் வெடிக்காது. அதே தோட்டாவைத் திருப்பிப்போட்டு வேறு இடத்தில் குத்தவைத்தால் பெரும்பாலும் வெடிக்கும். மலிவான பேக்குகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இதுதான்: வேகமாக, கோடிக்கணக்கில் செய்கிறார்கள், சோதனை அந்த அளவுக்கு இருப்பதில்லை. நல்ல நிறுவனத் தோட்டாவிலும் வெடிக்காதது ஒன்று எப்போதாவது வரும். ரிம்ஃபயரின் இயல்பு அது. ஒரு பெட்டியிலேயே இரண்டு மூன்று வந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போடுவதற்குமுன் அதன் விளிம்பைப் பாருங்கள். அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். குத்து ஆழமாகத் தெளிவாக இருந்தால் தோட்டாவின் குறை. குத்து மேலோட்டமாக இருந்தால் பிஸ்டலைப் பாருங்கள்: பின் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது சேம்பரில் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியில்) அழுக்கு சேர்ந்து தோட்டா முழுதாக உள்ளே உட்காராமல் இருக்கலாம். உட்காராத தோட்டாவைப் பின் குத்தும்போது, அந்தக் குத்தின் பலமெல்லாம் தோட்டாவை முன்னால் தள்ளுவதிலேயே போய்விடும். இரண்டாம் முறை குத்தினால் பெரும்பாலும் வெடிக்கும். இந்தப் பரிசோதனைக்கு ஒரு காசு செலவில்லை. எனக்கு ஸ்பிரிங் மாற்றியவரும் இதைச் செய்து பார்க்கவில்லை.

வேகம் பற்றி. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்பது 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயக் குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 1,070 அடி. ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதிவேகத் தோட்டா அதே எடையில் சுமார் 1,235 அடி வேகத்தில் போகும். பெட்டியில் போட்டிருக்கும் எண் நீளமான ரைபிள் குழலில் அளந்தது. நம் பிஸ்டல் குழல் சின்னது, அதில் இன்னும் குறையும். டார்கெட் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு ஏற்ற ஸ்பிரிங்கோடு வருகின்றன. அதிவேகத் தோட்டா போட்டால் ஸ்லைடு முரட்டுத்தனமாகப் பின்னால் அடிக்கிறது, ஓடு வெளியேறும் நேரம் தப்புகிறது, பாகங்கள் சீக்கிரம் தேய்கின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும் என்று 710 அடி வேகத்தில் வரும் தோட்டாக்கள் ஸ்லைடைத் தள்ளவே போதாது. சிசிஐ ஸ்டிங்கர் மாதிரி மிகை வேகத் தோட்டாவின் ஓடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். டார்கெட் பிஸ்டலின் இறுக்கமான சேம்பருக்கு அது ஆகவே ஆகாது, தொடாதீர்கள். உங்கள் பிஸ்டலோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். கையேடு இல்லாத பழைய பிஸ்டல் என்றால் தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, 40 கிரெய்ன், செம்புப் பூச்சு இல்லாத ஈயம், உருண்டை முனை. நடுத்தர விலை. சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எஸ்கே பிஸ்டல் மேட்ச், எலீ டார்கெட் ஆகியவை இந்த வகையில் வருபவை. கோலாலம்பூரில் எது எப்போது கிடைக்கும் என்பது இறக்குமதியைப் பொறுத்தது; அதனால் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது, இந்த வகைக்குள் இரண்டாவது விருப்பம் ஒன்று கைவசம் இருக்கட்டும். "சாம்பியன்கள் சுடுவது இதுதான்" என்று எலீ டெனெக்ஸ் மாதிரி உச்ச விலைத் தோட்டாவை ஆரம்பத்தில் வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 25 மீட்டர் நிதானப் பகுதியில் பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர், ரேபிடில் 100 மில்லிமீட்டர். நடுத்தரத் தோட்டாவே நல்ல பிஸ்டலில் அந்த 50-க்குள் அடங்கிவிடும். மிச்சச் சிதறல் நம் கையுடையது, அதைப் பயிற்சிதான் சரிசெய்யும். அதோடு, ரைபிளை மனதில் வைத்துச் செய்த தட்டை முனைத் தோட்டாக்கள் சில பிஸ்டல்களின் மேகசினிலிருந்து சரியாக ஏறுவதில்லை. தொடக்கத்தில் துல்லியத்தைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வெடித்து ஒரே மாதிரி ஏறுவது.

இப்போது அந்தப் பெட்டி மடிப்பு எண். அதுதான் லாட் நம்பர், எந்தத் தயாரிப்புத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை என்றாலும் லாட் மாறினால் தோட்டாவின் குணம் கொஞ்சம் மாறும். அதனால் முதலில் கிளப் ஸ்டோரில் இருக்கும் வகைகளில் ஒவ்வொரு பெட்டி எடுத்துப் பாருங்கள். கையை மேசையில் மணல் பையின் மேல் தாங்கவைத்து, 25 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். மிச்சத்தைச் சாதாரணமாக நின்று சுட்டு, எத்தனை சிக்குகிறது என்று எழுதுங்கள். இரண்டு மேகசின் இருந்தால் எந்த மேகசினில் சிக்கியது என்பதையும் எழுதுங்கள், சில நேரம் குற்றவாளி மேகசினின் உதடு, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பு. பிடித்த வகை கிடைத்துவிட்டால் அதே லாட்டில் ஒரு சீசனுக்கு வேண்டியதை உங்கள் அனுமதி அளவுக்குள் மொத்தமாக எடுத்து வையுங்கள். பிரித்து ஒட்டிய பெட்டியை, கலந்த லாட்டை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேகசினில் போடும்போது ஒவ்வொன்றையும் விரலால் உணர்ந்து பாருங்கள். குண்டு ஆடினால், விளிம்பு நசுங்கியிருந்தால், தனியே வைத்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. .22 குண்டின் மேல் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு இருக்கும், அது குழலில் ஈயம் ஒட்டாமல் காக்கிறது. சுபாங் மாதிரித் திறந்தவெளி லாப்பாங் சாசாரில் (சுடும் திடலில்) பதினொரு மணி வெயில் மேசைமேல் விழும்போது, பெட்டியைத் திறந்து வைத்தால் மெழுகு இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி சேம்பருக்குள் போகிறது. பெட்டியை நிழலில் மூடி வையுங்கள். இன்னொன்று, ஏர்கான் அறையிலிருந்து எடுத்துவந்த குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் பித்தளையில் வேர்க்கும். கொஞ்ச நேரம் மூடியபடியே வெளியே வைத்திருந்து அப்புறம் திறவுங்கள். எண்ணெய்க் கையால் தோட்டாவைத் தொடாதீர்கள்; குண்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் எண்ணெய் கசிந்து போனால் உள்ளே இருக்கும் கலவை செத்துப்போகும். சுட்டு முடித்ததும் சேம்பரைத் துடைத்து உலர்த்தி வையுங்கள். வெறும் பிஸ்டலில் ட்ரிகர் பயிற்சி செய்வதற்குமுன், உங்கள் பிஸ்டலில் அதற்கு வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ரிம்ஃபயர் பிஸ்டல்களில் தோட்டா இல்லாமல் ஃபயரிங் பின் போய் சேம்பரின் விளிம்பையே குத்திப் பள்ளமாக்கிவிடும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டவை. ஒன்று, "டிக்" என்று கேட்டு வெடிக்கவில்லை என்றால் குழலை அப்படியே குறிப்பலகைப் பக்கம் வைத்து முப்பது வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. இரண்டு, சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டு, உதைப்பும் குறைந்து, பேப்பரில் புது ஓட்டை இல்லை என்றால், உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் புடைத்துவிடும், கைக்கும் ஆபத்து. அதிகாரியைக் கூப்பிட்டு, மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, குழலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் தொடரவேண்டும். ரேபிடில் கை பழக்கத்தில் அடுத்ததைச் சுடப் போகும்; அப்போதும் காது கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். சுட்டு முடித்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலெல்லாம் ஈயம்.

கிளம்பும்போது பாக்கெட், பை, தொப்பி வைக்கும் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் பொருந்தும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மறந்துபோய் ஜீன்ஸ் பாக்கெட்டில் தங்கிவிட்ட ஒரே ஒரு .22-க்காக பாலாய் (போலீஸ் நிலையம்) ஏற வேண்டிவரும். வெடிக்காத தோட்டாவையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, ரேஞ்ச் அதிகாரியிடம் எண்ணி ஒப்படைக்கவேண்டும். என்னிடம் மிச்சமிருந்த அந்த மலிவுத் தோட்டாக்களையும் அப்படித்தான் ஒப்படைத்தேன். போன பணம் போனதுதான்.

உடம்பு சுருங்கும் பழக்கம் தோட்டாவை மாற்றியதும் போய்விடவில்லை. வெடிக்குமா வெடிக்காதா என்ற பயத்தில், வெடிக்கும் நொடிக்குச் சற்று முன்பே தோள் இறுகி, முனை கீழே குத்தும். அதற்கு அங்கிள் சொன்ன வழி: ஐந்தில் ஒன்றிரண்டு போலித் தோட்டாவைக் கலந்து, எது எங்கே என்று தெரியாமல் வேறொருவரை மேகசின் நிரப்பச் சொல்வது. போலித் தோட்டா வரும்போது முனை அசைந்தால் உங்களுக்கே தெரியும். வாரா வாரம் செய்தேன். பல மாதம் பிடித்தது. நிதானப் பகுதியில் இப்போது சரியாகிவிட்டது. ரேபிடில் முதல் தோட்டாவுக்கு மட்டும் இன்னும் சில நாள் தோள் இறுகுகிறது, அதற்கான பயிற்சி நடக்கிறது.

கிளப் நிர்வாகத்திடம் பேசி, தோட்டா கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தோட்டாவின் பெயர், லாட் நம்பர், எந்த பிஸ்டல், எத்தனை சுட்டதில் எத்தனை வெடிக்கவில்லை, எத்தனை சிக்கியது. தேதியோடு எழுதவேண்டும், பெயர் எழுதத் தேவையில்லை. மூன்று மொழியிலும் எழுதுகிறார்கள். புது லாட் எடுக்கப் போகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள், சுட்டு முடித்ததும் உங்கள் வரியையும் எழுதிவிட்டுப் போங்கள்.